ஒரு வருடம் மக்கிய எருவிலும் களை விதை முளைக்கிறது, ஏன்?

சென்னிமலைத் தோட்டம்

வணக்கமுங்க. எங்கள் தோட்டம் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில். மஞ்சள்தான் முக்கியம், ஓரமாகக் கத்தரி, மிளகாய். மாடு மூன்று. கட்டுத்தரையில் கூட்டுகிற சாணி, மாடு கழித்த சோளத்தட்டு, காட்டில் கொத்தி அள்ளிய களை எல்லாம் எருக்குழிக்குத்தான் போகும். வைகாசியில் குழியை வெட்டிக் காட்டுக்குக் குப்பை அடிப்போம், வயலுக்கு எரு போடுவதைத்தான் அப்படிச் சொல்வோம்.

இந்த முறை வண்டி பத்தாமல் ஒரு பகுதிக்கு மட்டும் எரு அடித்தோம். அதனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எரு போட்ட பக்கம் சாரணத்தியும் குப்பைக்கீரையும் தொய்யக்கீரையும் பாய் விரித்த மாதிரி. போடாத பக்கம் அங்கொன்று இங்கொன்று. தண்ணீர் ஒன்று, மண் ஒன்று, உழவு ஒன்று.

எரு ஒரு வருடம் மக்கியதுங்க. கறுப்பாக, மண் வாசத்தோடு, கையில் எடுத்தால் உதிர்கிறது. சாணியும் தட்டும் அடையாளம் தெரியாமல் போன பிறகு விதை மட்டும் எப்படிப் பிழைக்கிறது? மக்க வைக்கும் நுண்ணுயிர்க் கரைசலான டீகம்போசர் ஊற்றினால் விதை சாகுமா? விலைக்கு மண்புழு உரம் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையா? களையெடுக்க ஆள் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

கோபி வயல்

ஒரு வருடம் பத்தாது தம்பி. இரண்டு வருடம் குழியில் கிடக்கட்டும், எல்லாம் செத்துவிடும். எங்கள் அப்பா காலத்தில் அப்படித்தான். ஒரு குழி நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போவோம்.

மாடித்தோட்டம் கோவை

மண்புழு உரம் பற்றி நான் சொல்கிறேன். விலைக்கு வாங்கிய மூட்டையைத்தான் தொட்டிகளில் போட்டேன். தொட்டிக்குத் தொட்டி பருப்புக்கீரையும், நான் போடாத தக்காளியும் முளைத்தன. அதனால் அதை நம்பிக் காசு செலவு செய்யாதீர்கள்.

நொய்யல்கரை

கோபி அண்ணா, காலம் மட்டும் இதைத் தீர்க்காதுங்க. மக்குவது ஒன்று, விதை சாவது வேறொன்று. சாணியும் தட்டும் நுண்ணுயிர்களுக்குத் தீனி, அதனால் கரைந்துவிடுகின்றன. விதை அப்படி இல்லை. ஈரத்திலும் இருட்டிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் அதன் வேலையே. அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலார் 1879-ல் களை விதைகளை மணலில் கலந்து புட்டிகளில் போட்டுப் புதைத்து வைத்தார். அதில் ஒரு புட்டியை 2021-ல் தோண்டி எடுத்து விதைத்தார்கள், அப்போதும் சில முளைத்தன. எல்லாக் களையும் அத்தனை காலம் தாங்காது. குழியில் கொஞ்சம் விதை அழுகும், கொஞ்சம் உள்ளேயே முளைத்து வெளிச்சம் இல்லாமல் சாகும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குப்பைக்கீரைச் செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கிறது. அதில் நூற்றுக்குப் பத்து பிழைத்தாலே உங்கள் மஞ்சள் பாத்திக்குப் போதும்.

விதையை நம்பிக்கையாகக் கொல்வது சூடு. அதிலும் ஈரச் சூடு. பெரும்பாலான களை விதைகள் ஈரத்தோடு 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் சில நாள் இருந்தால் செத்துவிடும். அதே விதை காய்ந்து கிடந்தால் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். துத்தி, கொடிப்பூண்டு, அவரைக் குடும்பத்துக் களைகள் போன்ற கெட்டித்தோல் விதைகள் இன்னும் அதிகமாகத் தாங்கும்.

இப்போது உங்கள் எருக்குழியைப் பாருங்கள். தினமும் காலையில் இரண்டு கூடை விழுகிறது. அது சூடேறத் தொடங்குவதற்குள் பரவி ஆறிவிடுகிறது. மறுநாள் மேலே இன்னும் இரண்டு கூடை. வருடம் முழுக்க நிரம்பினாலும், மொத்தக் குவியலும் சேர்ந்து கொதித்த நாள் ஒன்றுகூட அதற்கு இருக்காது. நம் பக்கத்து எருக்குழி எல்லாமே இப்படித்தான். எரு நன்றாக மக்கும், சத்தும் இருக்கும், விதையும் இருக்கும். டீகம்போசர் ஊற்றினாலும் இதுவே கதை. அது மக்குவதற்கு உதவலாம். சூட்டைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் பொருள் ஒரே நேரத்தில் குவிந்திராத இடத்தில் அதனால் சூட்டை உண்டாக்க முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது, ஒரே நாளில் பெரிதாகக் குவிப்பது. எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 3 அடிக்கு 3 அடிக்கு 3 அடி குவியல் என்றால் 27 கன அடி. குவியலின் வெளித்தோல் அரை அடிக்கு ஆறிப்போயே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும், மேலும் கீழும் அரை அடி கழித்தால் உள்ளே சூடாக இருப்பது 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி, வெறும் 8 கன அடி. மீதி 19 கன அடியில் இருக்கும் விதைக்கு ஒன்றுமே ஆகாது. இதையே 5 அடிச் சதுரமாக 5 அடி உயரம் போட்டால் 125-ல் 64 கன அடி, அதாவது பாதிக்கு மேல், சூட்டுக்குள் வந்துவிடும். கம்போஸ்ட் சூடேற 3 அடி போதும் என்று எல்லோரும் சொல்வது சரிதான். களை விதை சாக அது போதாது என்பது என் கருத்து.

பாதி உள்ளே வந்தது, மீதிப் பாதி? அதற்குத்தான் புரட்டுவது. புரட்டும்போது வெளியில் இருந்ததை உள்ளுக்கும், உள்ளே இருந்ததை வெளிக்கும் போட வேண்டும். சும்மா கிளறிவிட்டால் ஒவ்வொரு முறையும் பாதி மறுபடியும் வெளியில்தான் நிற்கும். அப்படிக் கிளறினாலும்கூட, குவியல் பெரிதாக இருந்து ஐந்து முறை புரட்டினால், எல்லா முறையும் வெளியிலேயே தப்பித்த விதை நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும். அமெரிக்காவில் நீளக் குவியலாகக் கம்போஸ்ட் போடுகிறவர்களுக்கு நோய்க்கிருமியை ஒழிக்க ஒரு விதி உண்டு: 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டல். களை விதைக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் இருப்பதை வைத்தே செய்யலாம். சோளத்தட்டையும் சருகையும் நிழலில் காயவைத்துச் சேர்த்து வையுங்கள், அது கெடாது. குவிக்கிற வாரத்தில் சாணியைக் குழியில் போடாமல் ஓரமாகச் சேருங்கள். வேலியில் கிளைரிசிடியா இருந்தால் தழை வெட்டிக்கொள்ளுங்கள். தட்டை முழுசாகப் போடாமல் மிஷினில் வெட்டிப் போடுங்கள். காய்ந்தது ஒரு பங்கு, சாணியும் பச்சையும் ஒரு பங்கு என்று தொடங்கலாம். மூன்றாம் நாளும் சூடேறாவிட்டால் பச்சையைக் கூட்டுங்கள், நாற்றம் அடித்தால் காய்ந்ததைக் கூட்டுங்கள். ஈரம், ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு வருகிற அளவு. நம் ஊர் வெயிலுக்கு வெளித்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த விதை சாகாது என்று சொன்னேன் இல்லையா, அதனால் புரட்டும்போதெல்லாம் தண்ணீர் தெளித்தே புரட்ட வேண்டும்.

சூட்டைப் பார்க்க நீளக் குச்சித் தெர்மாமீட்டர் விற்கிறது. இல்லையென்றால் கடப்பாரையைக் குவியலின் நடுவில் குத்திப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாமல் உடனே எடுக்க வேண்டி வந்தால் வேலை நடக்கிறது. பிடித்துக்கொண்டே நிற்க முடிகிறது என்றால் பத்தவில்லை. 70-ஐத் தாண்டவும் விடாதீர்கள், மக்க வைக்கும் நுண்ணுயிர்களே செத்துவிடும். அந்த நேரத்தில் ஒரு புரட்டு புரட்டினால் இறங்கிவிடும்.

கோபி வயல்

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நொய்யல்கரை ஐயா, எங்கள் குழியிலும் தினம் இரண்டு கூடைதானே விழுந்தது? அப்பா காலத்தில் எருவால் களை வந்தது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

நொய்யல்கரை

நியாயமான கேள்வி அண்ணா. மாடு என்ன தின்றது, குழிக்குள் என்ன விழுந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கம் வாய்க்கால் பாசனம், நெல். மாட்டுக்கு வைக்கோல்தான் அதிகம். களையைப் பூக்கிற முன்னே கையால் பிடுங்கி மாட்டுக்கே போட்டுவிடுவார்கள், தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் அடுப்புக்குப் போய்விடும். ஆக விதை கட்டிய செடி குழிக்கு வருவதே குறைவு. இன்றைக்கு ஆள் பற்றாக்குறையில் களையெடுப்பு தள்ளிப்போகிறது. எடுக்கும்போது செடியில் விதை முற்றிப்போயிருக்கிறது, அது அப்படியே குழிக்குள் போகிறது.

எல்லாவற்றையும்விட முதல் வேலை இதுதான் என்பேன். விதை முற்றிய களையைக் குழிக்கே காட்டாதீர்கள். அதைத் தனியாகக் குவியுங்கள்.

கோபி வயல்

வைக்கோல் விஷயம் உண்மை. கீரை விஷயமும் உண்மை. எங்கள் ஆத்தா களைக்கொட்டோடு போனால் மடியில் கீரை இல்லாமல் திரும்ப மாட்டார்கள். சரி, இந்த வருடம் ஒரு குவியல் போட்டுப் பார்க்கிறேன். எங்களிடம் நாடெப் தொட்டி, அதாவது சுவரில் ஓட்டை விட்டுக் கட்டிய கம்போஸ்ட் தொட்டி, ஒன்று கட்டிக் கிடக்கிறது, அதில் போடலாமா?

நொய்யல்கரை

நாடெப் தொட்டியில் ஒரு நல்லது, ஓரிரு நாளிலேயே நிரப்பிவிட வேண்டும் என்பது அதன் முறை. ஆனால் நிரப்பி மேலே சாணியும் மண்ணும் பூசிவிட்டால் புரட்டல் கிடையாது. காற்றுக்காக விட்ட ஓட்டைகள் வழியே சுவரோரம் ஆறும், அங்கே விதை பிழைக்கும். களை விதையைக் கொல்வதுதான் நோக்கம் என்றால் தரையில் குவித்துப் புரட்டுவதுதான் நல்லது. ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் 1920-களில் வகுத்த முறையும் புரட்டுகிற முறைதான். தொட்டியில் போட்டதை வீணாக்க வேண்டாம், சுவரோரத்து எருவைத் தனியாக வெட்டி அடுத்த குவியலில் சேருங்கள்.

வெள்ளகோயில் பட்டி

நாங்கள் பட்டி போடுகிறவர்கள், ஆட்டை இரவில் காட்டில் அடைத்து எரு சேர்ப்பவர்கள். ஆட்டுப் புழுக்கைக்கு இதெல்லாம் வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், ஆடு அசைபோட்டு அரைத்துவிடும் என்று. உண்மைதானா?

நொய்யல்கரை

முழுசாக இல்லைங்க. ஆடு, மாடு இரண்டுமே மென்று அரைத்தாலும் சின்ன விதையும் கெட்டித்தோல் விதையும் பல்லுக்குத் தப்பி வயிற்றையும் தாண்டி வந்துவிடும். உங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டிலேயே பார்க்கலாம். வெள்வேல் நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையோடு விதையும் விழுந்து கன்று முளைக்கும். கொறங்காட்டுக்கு அது நல்லதுதான், மரம் தானாகவே வருகிறது. அதே வழியில்தான் சீமைக்கருவேலமும் ஊர் ஊராகப் பரவியது. நெற்றைத் தின்ற ஆடும் மாடும் போன இடமெல்லாம் விதைத்துவிட்டு வந்தன.

அதனால் பட்டியை எந்தக் காட்டில் போடுகிறோம், அதற்கு முன் ஆடு எங்கே மேய்ந்தது என்று பாருங்கள். சீமைக்கருவேல நெற்று உதிரும் காலத்தில் அந்த வேலியோரம் மேய்ந்த ஆட்டை நேராகத் தோட்டத்தில் பட்டி அடைக்க வேண்டாம். நாமக்கல் பக்கம் இருந்து வரும் கோழி எருவில் இந்தத் தொல்லை குறைவு, கோழியின் அரைப்பை பெரும்பாலான விதையை நசுக்கிவிடுகிறது. தழைச்சத்தும் அதில் அதிகம். சூடு ஏற மறுக்கிற குவியலில் கொஞ்சம் சேர்த்தால் வேகமாக ஏறும்.

மாடித்தோட்டம் கோவை

நகரத்தில் இருக்கிற எங்களுக்கு 5 அடிக் குவியல் எங்கே போடுவது? என்னிடம் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் டிரம். காய்கறிக் கழிவு, காய்ந்த இலை, கொஞ்சம் நார்த்தூள். அதில் சூடு தொட்டுப் பார்த்தாலே தெரியாத அளவு.

பொள்ளாச்சி தென்னை

இதற்கு வெயிலே போதும். சித்திரையில் எருவை நனைத்து, மெல்லிதாகப் பரப்பி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பாலித்தீன் போட்டு ஓரத்தை மண்ணால் அணைத்துவிடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம். கண்ணாடி ஷீட் வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. எரு நாலு விரல் கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் அடியில் சூடு போகாது. மாடித் தளத்தில் விரித்தால் தரையின் சூடும் சேரும். மூன்று, நான்கு வாரம் விடுங்கள், நடுவில் ஒரு முறை கிளறி மறுபடி நனையுங்கள். மார்கழியில் செய்தால் பலன் இல்லை.

வெயிலில் வெந்த எருவில் நல்ல நுண்ணுயிரும் குறையும். நிழலில் ஆறவைத்து, கொஞ்சம் நல்ல எருவைக் கலந்து சில நாள் ஈரமாக வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போடுங்கள்.

நொய்யல்கரை

இதை நானும் ஆமோதிக்கிறேன். மண்புழு உரம் பற்றி முன்பே கேட்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மண்புழுவுக்கு 35 டிகிரியைத் தாண்டினாலே ஆகாது. அதனால் புழுத் தொட்டி எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், விதைக்கும் அது சுகமான இடம். சாணியை முதலில் குவித்துச் சூடேற்றி, ஆறிய பிறகு புழு விட்டுத் தயாரித்தால் களை குறைவாக இருக்கும். வாங்கும்போது விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

சென்னிமலைத் தோட்டம்

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு சந்தேகம். எங்கள் காட்டோரம் பார்த்தீனியமும், வாய்க்கால் ஓரம் கோரையும் நிறைய. இரண்டையும் குவியலில் சேர்க்கலாமா? அப்புறம், இந்த வருடம் போட்ட எருவில்தான் களை வந்தது என்று உறுதியாக எப்படிச் சொல்வது? காற்றிலும் வந்திருக்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நொய்யல்கரை

பார்த்தீனியம் பூக்கும் முன் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம், நல்ல தழை. பூத்துவிட்டால் வேண்டாம். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை விடும், பூத்ததைத் தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே உதிரும். கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள், பலருக்கு அது தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும்.

கோரைக்கு விதையைவிடக் கிழங்குதான் எமன். குளிர்ந்த குழிக்குள் போட்டால் கிழங்கு துளிர்த்துக் குவியல் முழுக்கப் பரவும். அருகம்புல்லின் தண்டும் அப்படியே. பிடுங்கிப் பாறை மேலோ களத்திலோ போட்டு, கிழங்கு சுண்டி உடைகிற வரை காயவிட்டுப் பிறகு சேருங்கள். மழைக்காலத்தில் காயாது. அப்போது மூடிபோட்ட டிரம்மில் தண்ணீரில் முழுக அழுகவிட்டு, கிழங்கு குழைந்த பிறகு குவியலில் ஊற்றலாம். நாற்றம் அடிக்கும், வீட்டுக்குத் தள்ளி வையுங்கள்.

வீட்டில் கேட்டது முக்கியமான கேள்வி. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு முளைத்த விதை எல்லாம் அதில் பறந்து வந்து திறந்த குவியலில் இறங்கும். மக்கி முடிந்த எருவைத் தென்னை ஓலையாவது போட்டு மூடி வைக்காவிட்டால் பட்ட பாடு வீண்.

சோதிக்க இப்படிச் செய்யுங்கள். எருவின் பல இடங்களில் இருந்து கைப்பிடி எடுத்துக் கலந்து, அதில் பாதியை ஒரு பழைய பாத்திரத்தில் வைத்து அரை மணி நேரம் ஆவியில் வேகவிடுங்கள். வேகாத எரு ஒரு தட்டு, வெந்த எரு ஒரு தட்டு, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஈரம் காயாமல் மூன்று வாரம் பாருங்கள். நடுவில் ஒரு முறை கிளறிவிடுங்கள், குப்பைக்கீரை, பருப்புக்கீரை விதைகளுக்கு வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். வேகாததில் மட்டும் முளைத்தால் விதை எருவில் இருந்தது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு முளைத்தால் காற்றோ தண்ணீரோ கொண்டுவந்தது.

புதுக் குவியலுக்கு இன்னொரு சோதனை உண்டு, ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதுதான். தண்டுக்கீரை விதையை நைலான் வலைத்துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, நீளக் கயிறு விட்டு, குவியலின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, அடியில் ஒன்று புதையுங்கள். கடைசிப் புரட்டலுக்குப் பிறகு எடுத்து விதைத்துப் பாருங்கள். எந்த முடிச்சு முளைக்கிறதோ அந்த இடம் வேகவில்லை என்று அர்த்தம்.

கோபி வயல்

இந்த முடிச்சு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. புரட்டும்போது முடிச்சு இடம் மாறிவிடுமே ஐயா?

நொய்யல்கரை

மாறட்டும் அண்ணா. ஓரத்து முடிச்சை நீங்கள் புரட்டும்போது எருவோடு சேர்த்து உள்ளே தள்ள வேண்டும். எருவுக்கு என்ன நடக்கிறதோ அதுவே முடிச்சுக்கும் நடந்தால்தான் சோதனை சரி. கயிற்றில் வேறு வேறு நிறம் கட்டிவிட்டால் எது எங்கே தொடங்கியது என்று தெரியும்.

சென்னிமலைத் தோட்டம்

ஏற்கெனவே குழியில் பாதி எரு மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்ய? மக்கி முடிந்தது இனிச் சூடேறாதே.

பொள்ளாச்சி தென்னை

மஞ்சளுக்கு மேலே தூவாதீர்கள். தென்னை மாதிரி மரப்பயிர் இருந்தால் அதற்குக் கொடுத்துவிடுங்கள், வட்டப்பாத்தியில் போட்டு மேலே மட்டையும் ஓலையும் கனமாக மூடாக்கு போட்டால் முளைத்தாலும் மேலே வராது.

நொய்யல்கரை

ஆமாங்க. மரம் இல்லையென்றால் வெற்றுக் காட்டில் அடித்து, தண்ணீர் கட்டி, முளைக்கவிட்டு, சாரணத்தி பூப்பதற்குள் மேலோட்டமாக ஒரு கொத்து ஓட்டுங்கள். ஆழ உழுதால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்துவிடும், இரண்டு விரலுக்கு மேல் போக வேண்டாம். இப்படி இரண்டு முறை செய்துவிட்டு நடவுக்குப் போனால் மேல்மண்ணில் இருந்தது பெரும்பாலும் தீர்ந்துவிடும். சாரணத்திக்குப் பூப்பதற்கு அதிக நாள் ஆகாது, அதனால் முளைத்ததைப் பார்த்த பிறகு தள்ளிப்போடாதீர்கள்.

வெள்ளகோயில் பட்டி

பயிருக்கு ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசலுக்குப் பச்சைச் சாணி கரைக்கிறோமே, அதிலும் விதை போகுமா?

நொய்யல்கரை

சாணியில் இருந்தால் போகும். துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், சொட்டுநீரில் விடுகிறவர்கள் எப்படியும் வடிகட்டத்தான் வேண்டும். வடிகட்டிய சக்கையைப் பாத்தியில் கொட்டாமல் அடுத்த சூட்டுக் குவியலின் நடுவில் வையுங்கள்.